ஆகாத நாளும் ஆகாத எண்ணும்: கணக்கு எங்கிருந்து வருகிறது?

சனிப் பெயர்ச்சி 2025 மார்ச் 29 அன்றே நடந்துவிட்டது என்று ஒரு சாரார் பலன் சொல்லி முடித்தார்கள். இல்லை, 2026 மார்ச் 6 அன்றுதான் என்று திருநள்ளாறு கோயில் தரப்பிலிருந்து அறிவிப்பு வந்தது. சனி மீன ராசிக்குள் நுழைவது என்ற ஒரே நிகழ்வுக்கு ஏறக்குறைய ஒரு வருட இடைவெளியில் இரண்டு தேதிகள். ஏழரைச் சனி பிடித்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா, விலகிவிட்டதா என்று மதுரைப் பக்கத்துக் குடும்பங்கள் குழம்பின. பெண் பார்க்கப் போவதையும் கடை திறப்பதையும் தள்ளிப் போட்டவர்கள் உண்டு.

இந்தக் குழப்பம் சனியோடு நிற்பதில்லை. ராகு காலம், அஷ்டமி, கரிநாள், சந்திராஷ்டமம், கூட்டினால் எட்டு வரும் வண்டி எண் என்று ஆகாதவை நிறைய. சிவகாசியில் அச்சாகி வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரின் ஒரே தாளில் இவற்றில் பலவும் சேர்ந்து இருப்பதால், எல்லாம் ஒரே சாஸ்திரம் போலத் தோன்றுகிறது. உண்மையில் இவை வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு இடத்தில் பிறந்த தனித்தனிக் கணக்குகள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. எது எதிலிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்த்தால் பாதி பயம் அங்கேயே கழன்றுவிடும்.

பஞ்சாங்கம் எதை அளக்கிறது

பஞ்சாங்கத்துக்கு ஐந்து உறுப்புகள்.

1. வாரம்: ஞாயிறு முதல் சனி வரையிலான கிழமை.
2. திதி: சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலான கோண தூரம். 12 பாகைக்கு ஒரு திதி. வளர்பிறையில் 15, தேய்பிறையில் 15, மொத்தம் 30.
3. நட்சத்திரம்: வானத்தில் சந்திரன் நிற்கும் இடம். 360 பாகையை 27 ஆகப் பிரித்தது.
4. யோகம்: சூரியன், சந்திரன் இருவரின் இருப்பிடத்தையும் கூட்டி 27 ஆகப் பிரித்தது.
5. கரணம்: திதியில் பாதி.

இவற்றில் கிழமையைத் தவிர மற்ற நான்கும் வானத்தில் பார்த்துச் சரிபார்க்கக் கூடியவை. அமாவாசை என்று போட்டிருந்தால் அன்று நிலா தெரியாது. இந்த அளவில் பஞ்சாங்கம் மதிப்புள்ள ஒரு வானியல் நூல். ஆனால் எட்டாவது திதி எப்போது தொடங்கும் என்று கணிப்பது வேறு, எட்டாவது திதியில் தொடங்கிய காரியம் விளங்காது என்று சொல்வது வேறு. முன்னதைச் சரிபார்க்க வழி உண்டு. பின்னது வழக்கம்.

கிழமை முழுக்க மனிதர்கள் ஏற்படுத்திய வரிசை. ஏழு கோள்களுக்கு மணிக்கு ஒன்றாக ஓரை ஒதுக்கி, அன்றைய முதல் ஓரைக்கு உரிய கோளின் பெயரை அந்த நாளுக்கு வைத்தார்கள். பாபிலோனிய, கிரேக்க வழியில் உருவான முறை இது. இந்தியக் கல்வெட்டுகளில் கிழமையைக் குறிப்பிடும் மிகப் பழையவற்றில் ஒன்று மத்தியப் பிரதேசத்து ஏரணில் கிடைத்த புதகுப்தன் காலத்துக் கல்வெட்டு. ஆண்டு கி.பி. 484. ஆக, ‘செவ்வாய் வெறுவாய்’ என்ற பயத்துக்கும் வானத்தில் செவ்வாய்க் கோள் அன்று எங்கே நிற்கிறது என்பதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

ஒரே சனிக்கு மூன்று தேதிகள்

தமிழ்நாட்டில் இரண்டு வகைப் பஞ்சாங்கங்கள் புழங்குகின்றன. வாக்கியப் பஞ்சாங்கம் பழைய சூத்திரங்களை வைத்துக் கணிக்கிறது. வானக் கணக்கைச் சிறு சிறு வாக்கியங்களாக்கி மனப்பாடம் செய்த மரபு அது. சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள் உண்டு. திருக்கணிதப் பஞ்சாங்கம் வானத்தில் கோள் இன்று உண்மையில் இருக்கும் இடத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்வது. பழைய சூத்திரத்தில் இருந்த சின்னப் பிசகு நூற்றாண்டுகளாகச் சேர்ந்துகொண்டே வந்ததால் இரண்டும் விலகி நிற்கின்றன. 2025 மார்ச் 29 திருக்கணிதத் தேதி, 2026 மார்ச் 6 வாக்கியத் தேதி. சனி மெதுவாக நகரும் கோள், ஒரு ராசியைக் கடக்க இரண்டரை வருடம் ஆகும். எனவே பாகையில் சிறிதாக இருக்கும் வித்தியாசம் தேதியில் மாதக்கணக்காகிவிடுகிறது. சனி கும்பத்துக்கு வந்தபோதும் இதே கதைதான்: திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17, வாக்கியப்படி 2023 டிசம்பர் 20.

மேல்நாட்டு ஜோதிடர்களைக் கேட்டால் சனி 2023 மார்ச்சிலேயே மீனத்துக்குப் போய்விட்டது என்பார்கள். ராசிச் சக்கரம் எந்தப் புள்ளியில் தொடங்குகிறது என்பதில் அவர்களுக்கும் நமக்கும் சுமார் 24 பாகை வித்தியாசம். ராசி என்பது வானத்தில் வேலி போட்டு வைத்த இடம் கிடையாது. எங்கே கோடு கிழிப்பது என்பது நாம் செய்யும் ஏற்பாடு. 2023, 2025, 2026 மூன்றுமே அவரவர் கோட்டின்படி சரி. அதனால் ஏழரைச் சனி எந்தத் தேதியில் பிடிக்கிறது என்ற கேள்விக்கு வானத்திடம் பதில் கிடையாது. ஏழரை என்ற எண்ணும் எளிய கூட்டல்தான். பிறந்த ராசி, அதற்கு முந்தியது, பிந்தியது என மூன்று ராசிக்கு இரண்டரை வருடம் வீதம் ஏழரை.

ராகு காலம்: மதுரைக்கு ஒரு கணக்கு

பகலை எட்டுப் பங்காக்கி அதில் ஒன்றை ராகுவுக்குக் கொடுப்பது ராகு காலம். எந்தக் கிழமைக்கு எந்தப் பங்கு என்று நினைவில் வைக்க ‘திருநாள் சந்தடியில் வெயிலில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா’ என்று ஒரு வாக்கியம் உண்டு. தி, ச, வெ, பு, வி, செ, ஞா. திங்களுக்கு 7.30, சனிக்கு 9, வெள்ளிக்கு 10.30, புதனுக்கு 12, வியாழனுக்கு 1.30, செவ்வாய்க்கு 3, ஞாயிறுக்கு 4.30. ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம்.

இந்த அட்டவணை ஒரு விஷயத்தை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. சூரியன் காலை 6 மணிக்கு உதித்து மாலை 6 மணிக்கு மறைய வேண்டும். மதுரையில் அப்படி நடப்பதில்லை. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்து 1906 முதல் நடைமுறையில் இருப்பது. மதுரை இருப்பது 78.1 பாகையில். ஒரு பாகைக்கு 4 நிமிடம், ஆக நம் ஊர்ச் சூரியன் கடிகாரத்துக்குச் சுமார் 17 நிமிடம் பின்தங்கியே வரும். மாதத்துக்கு மாதம் ஏற்படும் மாற்றம் தனி.

தைப் பொங்கலை ஒட்டிய ஒரு வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொள்வோம்.

1. மதுரையில் சூரிய உதயம் காலை சுமார் 6.38, மறைவு மாலை சுமார் 6.14.
2. பகல் 696 நிமிடம். எட்டால் வகுத்தால் ஒரு பங்கு 87 நிமிடம்.
3. வெள்ளிக்கு நான்காவது பங்கு. மூன்று பங்கு கழித்தால் 10.59.
4. ஆகவே விதிப்படி அன்றைய ராகு காலம் 10.59 முதல் 12.26 வரை.

காலண்டரில் அச்சாகியிருப்பது 10.30 முதல் 12. பன்னிரண்டு மணி அடித்ததும் ‘ராகு காலம் முடிஞ்சிருச்சு’ என்று பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவர், அவர் நம்பும் விதிப்படியே ராகு காலத்துக்குள்தான் போடுகிறார். அந்தப் பத்திரங்களுக்கு என்ன ஆயிற்று? மற்றப் பத்திரங்களுக்கு ஆனதுதான்.

இன்னொன்று. ராகு என்பது சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் புள்ளி. அதற்கு உருவம் இல்லை, அதனால்தான் நிழல் கிரகம் என்கிறார்கள். அந்தப் புள்ளி வானத்தை ஒரு முறை சுற்றிவர 18.6 வருடம் ஆகும். ராகு காலக் கணக்கில் அந்தப் புள்ளி இருக்கும் இடம் எங்குமே வருவதில்லை. கிழமையும் பகல் நேரமும் மட்டுமே வருகின்றன. பெயரில் ராகு இருக்கிறதே தவிர கணக்கில் இல்லை. குஜராத், ராஜஸ்தான் வியாபாரிகள் இதைவிடச் சௌகடியா என்ற வேறொரு பகல் பகுப்பைத்தான் பெரிதும் பார்க்கிறார்கள். வெள்ளிக்கிழமை அதே 10.30 மணிக்குத் தமிழ்நாட்டுக் கோயில்களில் துர்க்கை சன்னதி முன்னால் எலுமிச்சை விளக்கேற்ற வரிசை நிற்பதையும் சேர்த்துப் பாருங்கள். கடை திறக்க ஆகாத நேரம் கும்பிட உகந்த நேரமாக இருக்கிறது.

எமகண்டமும் குளிகையும் இதே எட்டுப் பங்குக் கணக்குதான், கிழமை வரிசை மட்டும் வேறு. குளிகையில் செய்தது திரும்ப நடக்கும் என்பார்கள். அதனால் நகை வாங்கலாம், பிணம் எடுக்கக் கூடாது. ‘சனிப் பிணம் தனிப் போகாது’ என்று பாடையில் கோழிக் குஞ்சைக் கட்டி அனுப்புவதும் இந்தத் திரும்ப நடக்கும் பயத்தின் உறவுக்காரன்தான்.

அஷ்டமி: மதுரையில் படியளக்கும் நாள்

அஷ்டமி, நவமி இரண்டிலும் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்பது பரவலான நம்பிக்கை. கண்ணன் அஷ்டமியிலும் ராமன் நவமியிலும் பிறந்து கஷ்டப்பட்டார்கள் என்று காரணம் சொல்வார்கள். அதே இரண்டு நாளையும் ஊரே கொண்டாடுகிறது.

இதற்கு மதுரைக்காரர்களிடம் இதைவிடப் பெரிய சான்று இருக்கிறது. அஷ்டமி சப்பரம். மார்கழி மாதம், தேய்பிறை, அஷ்டமி திதி. ஆகாது என்று சொல்லப்படும் மூன்றும் ஒன்றாகச் சேரும் நாள். அன்று மீனாட்சியும் சுந்தரேசுவரரும் சப்பரத்தில் ஏறி வெளி வீதிகளைச் சுற்றி வருகிறார்கள். எறும்பு முதல் எல்லா உயிருக்கும் இறைவன் படியளக்கும் நாள் என்பது ஐதீகம். வீதியெங்கும் அரிசி தூவிக்கொண்டே போவார்கள், மக்கள் குனிந்து குனிந்து பொறுக்கிக் கொண்டுபோய் வீட்டு அரிசிப் பானையில் போடுவார்கள். அம்மன் சப்பரத்தைப் பெண்களே இழுப்பார்கள். வருடம் முழுக்க வீட்டில் சோற்றுக்குக் குறை வரக்கூடாது என்று வேண்டிக்கொள்ள இந்த ஊர் தேர்ந்தெடுத்த நாள் தேய்பிறை அஷ்டமி.

திதியிலேயே கெடுதல் ஒட்டிக்கொண்டிருந்தால் இப்படி ஒரு விழா உருவாகியிருக்காது. அமாவாசையும் அப்படித்தான். தமிழ்நாட்டில் நிறைந்த அமாவாசை என்று வண்டி எடுக்கிறார்கள், கடை திறக்கிறார்கள். பக்கத்து மாநிலங்களில் அதே நாளைத் தொடவே யோசிப்பார்கள். நிலா எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

கரிநாளும் வாடிவாசலும்

கரிநாள் விசித்திரமான பட்டியல். இதில் கிழமை இல்லை, திதி இல்லை, நட்சத்திரமும் இல்லை. தமிழ் மாதத் தேதி மட்டும்தான். எந்த வருடமானாலும் மாறாது. வருடத்துக்கு முப்பதுக்கும் மேல் வரும். தை மாதத்தில் மட்டும் 1, 2, 3, 11, 17 என ஐந்து.

தை 1 அவனியாபுரம், தை 2 பாலமேடு, தை 3 அலங்காநல்லூர். மதுரை வட்டாரமே வருடம் பூராவும் காத்திருக்கும் மூன்று ஜல்லிக்கட்டுகளும் கரிநாளில்தான் நடக்கின்றன. பொங்கல் பானை பொங்குவதும் கரிநாளில்தான். பல கிராமங்களில் பொங்கலுக்கு அடுத்த நாளின் பெயரே கரிநாள். அன்று வீட்டில் கறிச்சோறு ஆக்குவதால் அதைக் ‘கறிநாள்’ என்றே புரிந்துகொண்டவர்களும் நிறையப் பேர். கல்யாணத்துக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய நாளைத் தங்கள் சந்தோஷத்துக்கு எடுத்துக்கொண்ட ஊர் இது.

ஆடி மாதம்: எரிந்த மதுரை, வந்து சேர்ந்த சம்பந்தர்

ஆடியில் கல்யாணம் இல்லை. புதுப்பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப்போவார்கள். ஆடியில் கருவுற்றால் சித்திரையில் பிள்ளை பிறக்கும் என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். மதுரைச் சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டில் பிரசவம் நடந்த காலத்தில் அதில் நியாயம் இருந்திருக்கும். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற உழவு வேலையும் அப்போதுதான், கையில் காசும் இருக்காது. இப்படி வேலையும் வெயிலும் பார்த்து வந்த ஒழுங்கு நாளடைவில் ‘ஆடி கெட்ட மாதம்’ என்று சுருங்கிவிட்டது. சாமிக்கு அது கெட்ட மாதமே இல்லை. மீனாட்சி கோயிலில் முளைக்கொட்டுத் திருவிழா, அழகர்கோவிலில் ஆடித் தேரோட்டம், பதினெட்டாம்படிக் கருப்பனுக்குச் சந்தனக் காப்பு எல்லாம் ஆடியில்தான். ஆடி பதினெட்டு அன்றுதான் சிவகாசிக்காரர்கள் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுகிறார்கள்.

ஆகாத நாளைப் பற்றி மதுரையோடு பின்னிய இரண்டு பழைய செய்திகள் உள்ளன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

ஒன்று சிலப்பதிகாரம். மதுரை எரிந்த பிறகு மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் பேசும் கட்டுரை காதையில், ஆடி மாதம், தேய்பிறை, கார்த்திகை நட்சத்திரம், அஷ்டமி, வெள்ளிக்கிழமை அன்று மதுரையைத் தீ உண்ணும், அரசும் கெடும் என்று ஒரு பழைய உரை உண்டு என்கிறது தெய்வம். நாள் இவ்வளவு துல்லியமாகச் சொல்லப்பட்டிருப்பதால், இதை வைத்துக் காப்பியத்தின் காலத்தைக் கணிக்கவும் முயன்றிருக்கிறார்கள். காப்பியம் நாளைச் சொல்கிறது, ஊழ்வினையையும் சொல்கிறது. ஆனால் பாண்டியன் உயிர்விடும்போது அஷ்டமியை நோகவில்லை. விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்ன தன்னையே நொந்துகொண்டு, யானோ அரசன், யானே கள்வன் என்று விழுந்தான். இன்றைக்கு நாம் மங்களகரமானது என்று கொண்டாடும் வெள்ளிதான் அந்தக் கிழமை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மற்றது ஏழாம் நூற்றாண்டுச் செய்தி. மங்கையர்க்கரசியாரின் அழைப்பை ஏற்று ஞானசம்பந்தர் திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குக் கிளம்புகிறார். நாளும் கோளும் சரியில்லை, இப்போது போக வேண்டாம் என்று தடுக்கிறார் நாவுக்கரசர். அப்போது பாடியதுதான் கோளறு பதிகம். ஞாயிறு முதல் சனி வரை எல்லாமும், ராகு கேது என்ற பாம்பு இரண்டும் நல்லவையே என்கிறது அதன் முதல் பாட்டு. இரண்டாம் பாட்டில் ஒன்பது, ஒன்று, ஏழு, பதினெட்டு, ஆறு என எண்கள் வருகின்றன. பயணத்துக்கு ஆகாதென ஒதுக்கிய நட்சத்திரங்களின் வரிசை எண்கள் இவை என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். அவையும் நல்லவையே என்கிறார் சம்பந்தர். சொல்லிவிட்டு, ஆகாத அந்த நாளிலேயே கிளம்பி மதுரைக்கு வந்தார். பயத்தைப் போக்க இந்தப் பதிகத்தைத் தினமும் ஓதுகிற வீடுகள் மதுரையில் ஏராளம். அது எந்தச் சூழலில் பாடப்பட்டது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாம்.

எட்டு

எண் ஜோதிடத்தில் எட்டுக்கு அதிபதி சனி. இந்த ஒதுக்கீட்டைப் பரப்பியதில் பெரும் பங்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெய்ரோ என்ற பெயரில் எழுதிய அயர்லாந்துக்காரருக்கு உண்டு. அவர் 4-ஐ யுரேனசுக்கும் 7-ஐ நெப்டியூனுக்கும் கொடுத்தார். முன்னது 1781-லும் பின்னது 1846-லும் கண்டுபிடிக்கப்பட்ட கோள்கள். இங்கே வந்ததும் அந்த இரண்டு இடத்திலும் ராகுவும் கேதுவும் உட்கார்ந்துகொண்டார்கள். அதற்கு அப்புறம் எல்லாமே நம் முன்னோர் சொன்னது போல ஆகிவிட்டது.

இதில் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன.

1. தேதி எண் ஆங்கில மாதத் தேதியிலிருந்து எடுக்கப்படுகிறது. ஜனவரி 17-ல் பிறந்தவருக்கு 1+7 எட்டு. தமிழ் மாதக் கணக்கில் அதே நாள் தை 3 அல்லது 4. எண் பிறப்பில் இல்லை, எந்தக் காலண்டரைப் பார்க்கிறோம் என்பதில் இருக்கிறது. குடியரசு நாளான 26-ம் தேதிக்கும் கூட்டுத்தொகை எட்டுதான்.
2. பெயர் எண்ணை ஆங்கில எழுத்துகளை வைத்துக் கூட்டுகிறார்கள். ‘அழகர்’ என்பதில் ழகரத்துக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்தா, இரண்டு எழுத்தா என்பதைப் பொறுத்துத் தலைவிதி மாற வேண்டும். அம்மா கூப்பிடும் பெயர் தமிழில் இருக்கிறது.
3. 1 முதல் 9999 வரையிலான வண்டி எண்களில் கூட்டினால் எட்டு வருபவை சரியாக 1111. ஒன்பதில் ஒரு வண்டி. மதுரை தெற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் குறியீடான 58-ஐக் கூட்டினால் வெள்ளைக்காரர்கள் அஞ்சும் 13 வருகிறது. அதை யாரும் கூட்டுவதில்லை.

ஊருக்கு ஊர் எண் பயம் மாறுவதைப் பார்த்தால் அதன் வேர் மொழியில் இருப்பது தெரியும். சீன மொழியில் எட்டு என்ற சொல் செழிப்பு என்ற சொல்லைப் போல ஒலிக்கும். அதனால் பெய்ஜிங் ஒலிம்பிக்கை 2008 ஆகஸ்ட் 8 அன்று இரவு 8 மணிக்குத் தொடங்கினார்கள். ஜப்பானில் நான்கு சாவைப் போல ஒலிப்பதால் ஆகாது. நம் மொழியில் எட்டுக்கு அப்படி ஒரு குறையும் இல்லை. எட்டுத் திக்கு, எண்சாண் உடம்பு என்று முழுமைக்கே எட்டைச் சொல்லியிருக்கிறோம். மீனாட்சி கோயிலுக்குள் கிழக்கே அஷ்டசக்தி மண்டபம் வழியாகத்தான் நுழைகிறோம். சொக்கர் நடத்திய திருவிளையாடல் 64, எட்டெட்டு. மதுரையைச் சுற்றிச் சமணர் தங்கிய குன்றுகளுக்குப் பெயர் எண்பெருங்குன்றம். இந்தப் பக்கம் திருக்கோஷ்டியூரில் ராமானுஜர் கோபுரத்தில் ஏறி நின்று ஊருக்கெல்லாம் சொன்னதாகப் போற்றப்படுவது எட்டெழுத்து மந்திரம். பிள்ளையின் பெயரில் எட்டு வந்துவிட்டதே என்று கலங்கும் பெற்றோருக்கு இதைச் சொன்னால் போதும்.

சந்திராஷ்டமமும் எட்டின் பிள்ளைதான். பிறந்த ராசிக்கு எட்டாவது ராசியில் சந்திரன் நிற்கும் இரண்டேகால் நாள். சந்திரன் எப்போதும் ஏதாவது ஒரு ராசியில் இருந்தாக வேண்டும், எனவே எந்த நேரத்திலும் பன்னிரண்டில் ஒரு பங்கு மக்களுக்குச் சந்திராஷ்டமம் நடந்துகொண்டே இருக்கும். ஆளுக்கு வருடத்தில் ஏறக்குறைய 30 நாள்.

எல்லாவற்றையும் கழித்தால்

பொதுவாகச் சொல்லப்படும் கல்யாண விதிகளை ஒன்றன்பின் ஒன்றாக 365 நாளில் கழித்துப் பார்ப்போம்.

1. ஆடி, புரட்டாசி, மார்கழி போக சுமார் 273.
2. செவ்வாய், சனி போக சுமார் 195.
3. வளர்பிறை மட்டும் என்றால் சுமார் 97.
4. பிரதமை, அஷ்டமி, நவமி போக சுமார் 78.
5. கல்யாணத்துக்கு உகந்தவை என்று பழைய நூல்கள் சொல்லும் 11 நட்சத்திரங்கள் மட்டும் என்றால் சுமார் 32.

கரிநாளை இன்னும் கழிக்கவில்லை. மதுரை மாவட்டத்துக் கல்யாணம் அத்தனையும் இந்த 32 நாளுக்குள் அடங்காது. அதனால்தான் காலண்டரில் தேய்பிறை முகூர்த்தமும் சேர்த்து அச்சடிக்கிறார்கள். விதி இடம் கொடுக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

நாள் சுருங்கச் சுருங்க விலை ஏறும். முகூர்த்த நாளில் மண்டபம் கிடைக்க மாதக்கணக்கில் முன்பணம் கட்ட வேண்டும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி விலை முந்தின நாளே எகிறிவிடும். சமையல்காரர், மேளக்காரர், வாடகைப் பாத்திரம் எல்லாம் அப்படியே. முகூர்த்த நாள் வந்தால் பத்திரப் பதிவுத் துறை, ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்துக்கு வழக்கமான 100 டோக்கனுக்குப் பதில் 150 கொடுப்பதாக அறிவிக்கிறது. கடன் வாங்கிக் கல்யாணம் செய்யும் குடும்பத்துக்கு இந்த ஒரு நாள் நெருக்கடியின் வட்டி வருடக்கணக்கில் ஓடும். வசதி உள்ளவருக்கு நாள் பார்ப்பது ஒரு நிறைவு. இல்லாதவருக்கு அது ஒரு செலவு.

பெண்ணின் நட்சத்திரம்

நாளின் மேல் போட்ட பழி நாளோடு போய்விடும். ஒரு பெண்ணின் மேல் போட்ட பழி அவள் கூடவே இருக்கும். இந்தக் கணக்குகளில் மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

மூலம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்த மைத்துனருக்கு ஆகாது, விசாகம் கொழுந்தனுக்கு ஆகாது, பூராடம் நூலாடாது, அதாவது தாலி நிலைக்காது. ஐந்து நட்சத்திரம். 27-ல் 5 என்றால், பிறக்கிற பெண் குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருத்தி பிறந்த நிமிடமே யாரோ ஒருவருக்கு ஆகாதவள். இதில் மூலம், மேலே சொன்ன கல்யாணத்துக்கு உகந்த 11 நட்சத்திரங்களில் ஒன்று. மூல நட்சத்திரத்தன்று தாலி கட்டலாம், மூல நட்சத்திரத்துப் பெண்ணுக்குத் தாலி கட்டத் தயங்குவோம் என்பது எப்படிச் சரியாகும்?

செவ்வாய் தோஷத்தையும் கணக்குப் போடலாம். லக்கினத்துக்கு (பிறந்த நேரத்தில் கிழக்கே உதிக்கும் ராசி) 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம். 12-ல் 5 இடம், அதாவது நூறு ஜாதகத்தில் சுமார் 42. லக்கினம், சந்திரன், சுக்கிரன் மூன்றிலிருந்தும் பார்க்க வேண்டும் என்று விதியை விரித்தால் நூற்றுக்கு 80 ஜாதகத்தில் ஏதாவது ஒரு வகையில் தோஷம் வந்துவிடும். இத்தனை பேருக்கு இருப்பதைக் குறை என்று சொல்ல முடியாது என்பதால்தான் விதிவிலக்குகளின் பட்டியல் அவ்வளவு நீளம். ஒரே ஜாதகத்தை ஒருவர் தோஷம் என்பதும் அடுத்தவர் நிவர்த்தி என்பதும் இதனால்தான். முப்பது வயதைத் தாண்டியும் ‘செவ்வாய் ஜாதகம்’ என்று தட்டிப்போன பெண் இருக்கும் வீட்டில் இந்தக் கணக்கை ஒரு முறை உட்கார்ந்து போட்டுக் காட்ட வேண்டும்.

பலித்த மாதிரி ஏன் தெரிகிறது

அஷ்டமியில் கிளம்பி வண்டி பஞ்சரானால் பத்து வருடம் நினைவிருக்கும். பஞ்சமியில் பஞ்சரானால் மறுநாள் மறந்துவிடும். அஷ்டமியில் எதுவும் ஆகாமல் போய்ச் சேர்ந்த நாட்களை யாரும் எண்ணி வைப்பதில்லை. மாதத்தில் அஷ்டமி, நவமி மட்டும் நான்கு முறை வருகின்றன. தினமும் ராகு காலம், எமகண்டம் சேர்த்துப் பகலில் கால் பங்கு. கெட்டது நடந்த பிறகு பின்னால் திரும்பித் தேடினால் ஏதாவது ஓர் ஆகாத கணக்கு கண்டிப்பாகக் கிடைக்கும்.

முன்கூட்டியே சொல்லிச் சோதித்த சந்தர்ப்பமும் உண்டு. 1962 பிப்ரவரி 3 முதல் 5 வரை மகர ராசியில் எட்டுக் கிரகம் சேர்கிறது, உலகம் அழியும் என்று நாடு முழுக்கப் பீதி கிளம்பியது. யாகங்கள் நடந்தன. அந்த மூன்று நாட்களும் மற்ற நாட்களைப் போலவே கழிந்தன.

மருத்துவமனையில் நாள் பார்ப்பது

கல்யாணத் தேதியில் நாள் பார்ப்பதால் பணம்தான் போகும். இரண்டு இடங்களில் மட்டும் உயிரே சம்பந்தப்பட்டிருக்கிறது, அங்கே விட்டுக்கொடுக்க முடியாது.

1. நல்ல நட்சத்திரம் பார்த்து அறுவைப் பிரசவத்துக்குத் தேதி கேட்பது. மருத்துவக் காரணம் இல்லாமல் 39 வாரம் நிறைவதற்கு முன் குழந்தையை எடுத்தால் மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு கூடும். நுரையீரலுக்கு அந்தக் கடைசி நாட்கள் தேவை. ஜாதகத்தில் கிரகம் நல்ல இடத்தில் நிற்கிறது, குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது என்ற நிலை யாருக்கும் வேண்டாம். தேதி கேட்கும் முன் ‘39 வாரம் முடிந்துவிட்டதா’ என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

2. நோயாளியைக் கிளப்புவதற்கு நேரம் பார்ப்பது. வாய் ஒரு பக்கம் கோணி, கை கால் விழுந்து, பேச்சுக் குழறினால் அது பக்கவாதம். மூளை இரத்தக் குழாயில் அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்தோ மேலூருக்கு அப்பாலிருந்தோ மதுரைக்குள் வந்து சேர்வதற்கும், ஸ்கேன் எடுப்பதற்கும், ஊசி போடுவதற்கும் சேர்த்து இருப்பது அவ்வளவுதான். ராகு காலம் கழியட்டும் என்று வாசலில் காத்திருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.